விலைக்குத் தெரியாத தரம்

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் தரம் பார்ப்பது கையும் காதும்தான். வியாபாரி மாதிரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு விரலியை எடுப்பார். ‘டக்’கென்று உடைப்பார். நன்றாகக் காய்ந்த மஞ்சள் கணீரென்று முறியும். ஈரம் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். முறிந்த இடத்தின் நிறத்தைப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், விலை குறிப்பார். ஒன்பது, பத்து மாதப் பாடு அரை நிமிடத்தில் விலையாகிவிடும்.

அந்த அரை நிமிடத்தில் காய்ச்சல், நிறம், நீளம், மெருகு எல்லாம் தெரிந்துவிடும். மஞ்சளின் நிறச்சத்தான குர்குமின் எவ்வளவு, பூச்சிமருந்து எச்சம் உண்டா, எந்தத் தண்ணீரில் வெந்தது என்பதெல்லாம் தெரியாது. சிறு விவசாயி எந்தப் புதிய முறைக்கு உடனே மாறுகிறார், எதைக் கண்டுகொள்வதில்லை என்பதற்குக் காரணமும் இதுதான். விலைக்குத் தெரியாத தரத்துக்குச் செலவு செய்ய யார் முன்வருவார்?

வேகவைப்பதையே எடுத்துக்கொள்வோம். தோண்டிய மஞ்சளை இரண்டு மூன்று நாளுக்குள் வேகவைத்தாக வேண்டும். முன்பெல்லாம் வயலோரத்தில் பெரிய கொப்பரை ஏற்றி, தண்ணீர் ஊற்றி, மஞ்சளைக் கொட்டி, மேலே மஞ்சள் தழையும் சாக்கும் போட்டு மூடி எரிப்பார்கள். ஒரு மணி நேரம் முன்பின்னாக நுரை தள்ளும், வெள்ளை ஆவியோடு வாசனை கிளம்பும். குச்சியால் குத்தினால் மெத்தென்று இறங்கும். அதுதான் பதம். ஆனால் அடியில் கிடப்பது குழைந்துபோயிருக்கும், மேலே இருப்பது அரைவேக்காடாக நிற்கும். குழைந்தால் நிறம் கெடும். வேக்காடு போதாவிட்டால் காய்ந்தபின் நொறுங்கும். போதாக்குறைக்கு, ஒரே தண்ணீரில் அடுத்தடுத்த ஈடுகள் வேகும்.

நீராவிக் கொதிகலன் இதை மாற்றியது. கலனில் உண்டாகும் நீராவி குழாய் வழியாக டிரம்களுக்குப் போகிறது. மஞ்சள் தண்ணீரில் ஊறுவதில்லை, எல்லாம் ஒரே பதமாக வேகிறது, விறகும் நேரமும் மிச்சம். கொங்கு வட்டாரத்தில் இது பரவியதற்கு இன்னொரு காரணம், யாரும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. டிராக்டரில் இழுத்துக்கொண்டு வந்து வயலோரம் நிறுத்துகிறார்கள். வாடகை கொடுத்தால் போதும். ஆள் கிடைக்காத அறுவடைக் காலத்தில் கணக்கு அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. குழித்தட்டில் ஒற்றைப் பரு நாற்று விட்டு நடும் முறைக்கும் இதே பலம் உண்டு. ஏக்கருக்கு 800 கிலோ வரை போன விதைமஞ்சள் பாதிக்கும் கீழே இறங்குகிறது. அதற்கு மேல் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

காயவைப்பதில் கதை வேறு. வெந்த மஞ்சளை ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, 10 முதல் 15 நாள் வெயில் காட்ட வேண்டும். அவசரப்பட்டு மெல்லிசாகப் பரப்பினால் நிறம் வெளிறும். மண்தரையில் போட்டால் தூசி ஒட்டும். ஒரு மழை வந்தால் பூஞ்சணம். சூரியக் கூடார உலர்த்திக்கு அரசு மானியம் இருக்கிறது. ஆனால் ஏக்கருக்குப் பத்து டன் அளவுக்குப் பச்சை மஞ்சள் வரும், காய்ந்தால் இரண்டு டன் ஆகும். அவ்வளவும் சின்னக் கூடாரத்தில் அடங்காது. பெரிதாகப் போட்டால் வருடத்தில் சில வாரம்தான் வேலை, மீதி நாள் சும்மா கிடக்கும். நல்ல சிமென்ட் களமும் சுத்தமான தார்ப்பாயும் பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு உலர்த்தியைவிடப் பயன்படும் என்பது என் அபிப்பிராயம். திறப்பு விழா நடத்த மட்டும் உதவாது.

கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும் விலை கொடுத்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வங்கதேசம் காட்டியது. அங்கே 1980களின் வெள்ளத்தில் மஞ்சள் சரியாகக் காயாமல் நிறம் மங்கியது. பளிச்சென்ற மஞ்சளுக்குத்தான் விலை என்பதால் மெருகேற்றும் இடங்களில் ஈய குரோமேட் சேர்க்கும் பழக்கம் வந்து, பல ஆண்டுகள் நிலைத்துவிட்டது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. ஆராய்ச்சியாளர்கள் இதை வெளிக்கொண்டு வந்தபின் 2019இல் அரசு களமிறங்கியது. கையடக்க எக்ஸ்ரே கருவியைச் சந்தைக்கே கொண்டுபோய் மூட்டைகளைச் சோதித்து அபராதம் விதித்தார்கள். அந்த ஆண்டில் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. விவசாயிக்குப் பயிற்சி முகாம் நடத்தி வந்த மாற்றமல்ல இது. கருவி, விற்கும் இடத்துக்கு வந்ததால் வந்த மாற்றம்.

நம் பக்கம் திரும்புவோம். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் தந்த ‘பிரகதி’ ரகம் சுமார் 180 நாளில் விளைகிறது, குர்குமினும் ஐந்து சதவீதம் அளவுக்கு உண்டு. மேகாலயாவின் லக்கடாங் ரகத்தில் அது ஏழு சதவீதத்தைத் தொடும். மஞ்சளின் சாரத்தைப் பிரித்தெடுக்கும் கொச்சிப் பக்கத்து ஓலியோரெசின் ஆலைகள் மஞ்சளைச் சோதித்துப் பார்த்துத்தான் வாங்குகின்றன, ஏனென்றால் அவற்றுக்கு வேண்டியதே அந்தச் சத்து. ஆக குர்குமினுக்கு விலை இருக்கிறது. அந்த விலை ஏலக்களம் வரை இறங்கி வருவதில்லை. விளைவித்தவரிடம் சோதனைச் சீட்டு இல்லை. இருந்தாலும் கைப்பார்வையில் வாங்குபவர் அதைக் கேட்பதில்லை. சோதனை செய்தவர் பின்னால் தனியாகச் சம்பாதிக்கிறார்.

ஐந்தாறு மூட்டை வைத்திருப்பவர் ஒவ்வொரு லாட்டுக்கும் ஆய்வகக் கட்டணம் கட்ட முடியாது. ஒரே ரகம் போட்ட பத்து இருபது பேர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பேரில் சேர்ந்தால் கட்டணம் பெரிதல்ல. சிக்கல் பணத்தில் இல்லை, மூட்டையில் இருக்கிறது. ரகம் பிரித்து, கிழங்கும் விரலியும் பிரித்து, பக்கத்து வயல் சரக்கு கலக்காமல் கடைசிவரை வைத்திருக்க வேண்டும். ஒருவர் வேக்காட்டில் ஏமாற்றினால் இருபது பேரின் சீட்டும் செல்லாது. அதனால்தான் சில குழுக்கள் கொதிகலனைத் தாங்களே வாங்கி, ஒரே ஆளிடம் விட்டு எல்லோர் மஞ்சளையும் வேகவைக்கப் பார்க்கின்றன.

தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. புது ரகம், ஏற்றுமதி, பயிற்சி என்று அதற்கு வேலைப் பட்டியல் நீளம். ஈரோடு, பெருந்துறை, கோபி ஏலக்களங்களில் மாதிரி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஈரப்பதமானியும், குர்குமின் அளவு எழுதிய அட்டையும் இருக்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலின் முதல் வரியாகப் போடலாம். அட்டை இல்லாத மூட்டைக்கும் விலை கிடைக்கட்டும். அட்டை உள்ளதற்குக் குவிண்டாலுக்குச் சில நூறு ரூபாய் கூட வந்தால் போதும், அடுத்த பட்டத்துக்கு எந்த ரக விதை வாங்குவது என்பதை விவசாயியே முடிவு செய்துகொள்வார்.