கோட்டுக்குள் விலை இல்லை!

சோப்பு, பிஸ்கட் பாக்கெட்டுகளின் பின்னால் கறுப்புக் கோடுகள் இருக்கின்றன அல்லவா? விலை அதற்குள் இருப்பதாகப் பலர் நினைக்கின்றனர். இல்லை தோழிகளே! இருப்பது வெறும் 13 இலக்க எண். பில் போடும் கருவி அதைப் படித்துச் சொன்னதும், விலையை எடுத்துக் கொடுப்பது கடை கம்ப்யூட்டர். 1974ல் அமெரிக்காவில், ஓஹியோ மாநிலக் கடை ஒன்றில் சூயிங்கம் பாக்கெட்டில் ஆரம்பித்தது இந்த வித்தை.

கம்ப்யூட்டரில் பழைய விலை இருந்தால் பில்லிலும் அதுதான் விழும். எங்கள் ஏரியா கடையில், 20 ரூபாய் தள்ளுபடி என்று எழுதி வைத்திருந்த எண்ணெய்க்கு முழு விலை போட்டனர். கேட்டதும், "சிஸ்டத்துல மாத்தலைம்மா" என்று பணத்தைத் திருப்பித் தந்தனர். கேட்காதவர்கள் எத்தனை பேரோ!

கடைசி இலக்கம், முதல் 12 எண்களை வைத்துக் கணக்கிட்டது. கருவி ஓர் எண்ணைத் தப்பாகப் படித்தால் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால், மலிவுப் பொருளின் ஸ்டிக்கரை விலை கூடிய பொருளில் எவராவது ஒட்டினால் அதற்குத் தெரியாது, எண் சரிதானே! போலி தயாரிப்பவரும் அசல் கோடுகளை அப்படியே அச்சடிக்கலாம். "பார்கோடு இருக்கே, ஒரிஜினல்தாங்க" என்றால் நம்பிவிடாதீர்கள்.

890ல் ஆரம்பித்தால் இந்தியத் தயாரிப்பு என்பார்கள். அந்த நிறுவனம் எண்ணை இந்தியாவில் பெற்றது என்பதே அதன் அர்த்தம். தயாரித்த இடத்தை எழுத்தில்தான் பார்க்க வேண்டும்.

காய்கறிக்கு எடை போட்டு ஒட்டும் ஸ்டிக்கர் வேறு ரகம். அதில் எடையோ, விலையோ கோட்டுக்குள்ளேயே இருப்பதுண்டு. உருளைக்கிழங்குக்குப் பதில் பூண்டு என்று அழுத்திவிட்டால் போச்சு! ஒட்டும்போதே பெயரைப் படித்துவிடுங்கள்.

- ஒரு வாசகி, மதுரை.