டி.வி.எஸ். வண்டியும் 26 கிலோ மூட்டையும்

கீரனூரில் சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போனால் இளவட்டங்கள் பேசுவது இரண்டே விஷயம். ஒன்று கிரிக்கெட், மற்றொன்று வண்டி. யார் என்ன சைலன்சர் மாட்டியிருக்கிறார், யார் எந்த அளவு டயர் போட்டிருக்கிறார், யார் வண்டி எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று ஒருவர் வண்டியை மற்றவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து மதிப்புப் போடுவார்கள். நம் வியாபாரிகள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போவது வழக்கம். ஆனால் வண்டியை மாற்றிக் கட்டுவதில் அந்தப் பையன்களுக்கு நாம் கொஞ்சமும் சளைத்தவர்கள் இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் காலை நேரத்தில் ஏதாவது ஓர் அரிசி மண்டி வாசலில் அரை மணி நேரம் நின்று பார்க்கலாம்.

குன்றாண்டார்கோவில், கிள்ளுக்கோட்டை, ஒடுக்கூர், நார்த்தாமலை என்று சுற்றுப்பட்டிலிருந்து சரக்கெடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் டி.வி.எஸ். வண்டியில்தான் வருகிறார்கள். கம்பெனியிலிருந்து எல்லாம் ஒரே அச்சில் வந்தவைதான். ஆனால் வெல்டிங் பட்டறைக்குப் போய்வந்த பிறகு ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஒருவர் பின் சீட்டை எடுத்துவிட்டு ஆங்கிள் வைத்துக் கேரியரை ஒரு முழம் நீட்டியிருப்பார். ஒருவர் எண்ணெய் டின் தொங்கவிட இரு பக்கமும் கொக்கி வைத்திருப்பார். இன்னொருவர் பெரிய வண்டியின் ஷாக் அப்சார்பரைக் கொண்டுவந்து பின்னால் பொருத்தியிருப்பார். மணலில் சாயாமல் இருக்க ஸ்டாண்டுக்கு அடியில் அகலத் தகடு வைத்தவரும் உண்டு. அது உண்மையிலேயே நல்ல யோசனை.

ஒப்பிட்டுப் பேசுவதும் உண்டு. "அண்ணே, நம்ம வண்டி அஞ்சு மூட்டை அசையாம தாங்கும்" என்பார் ஒருவர். "என்னுது ஆறு ஏத்திக்கிட்டு மேட்டுல ஏறும் மாப்ளே" என்பார் அடுத்தவர். எது எத்தனை மூட்டை இழுக்கும் என்று பேசுகிறோமே தவிர, எத்தனை மூட்டையோடு நிற்கும் என்று யாரும் பேசுவதில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

இந்த வண்டியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். டி.வி.எஸ். 50 ஓசூரிலிருந்து 1980-ல் வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட் இந்தியாவிலேயே அதுதான் முதல். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் 2 ஸ்ட்ரோக் வண்டி. கிளட்ச், கியர் தொல்லை இல்லை. பால்காரர், மீன்காரர், கீரைக்காரர், மளிகைக்காரர் என்று எல்லோரும் அதில் சுமை ஏற்றினார்கள். பிறகு எக்ஸ்.எல்., அதன்பின் ஹெவி டூட்டி என்று பெயரிலேயே பாரம் ஏறிக்கொண்டு வந்தது. 2015-ல் 4 ஸ்ட்ரோக் எஞ்சினுடன் எக்ஸ்.எல். 100 வந்தது. அதில் பின் சீட்டைக் கழற்றிச் சாமான் வைக்கும்படி கம்பெனியே செய்து கொடுத்தது. பட்டறைகளில் நம் ஆட்கள் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்ததைக் கம்பெனிக்காரர்கள் கவனித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இப்போது கணக்குக்கு வருவோம். எக்ஸ்.எல். 100 வண்டிக்குக் கம்பெனி சொல்லும் சுமை 130 கிலோ. இது சரக்கின் எடை மட்டும் அல்ல, ஓட்டுகிறவரின் எடையும் இதற்குள்ளேதான் வரும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய அரிசி மூட்டைக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றார்கள். உடனே 26 கிலோ மூட்டை பிறந்தது. (ஒரு கிலோவில் வரியைத் தாண்டிய நம் ஆலைக்காரர்களின் சாமர்த்தியம் தனிக் கட்டுரைக்கு உரியது.) ஓட்டுகிறவர் 65 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூட்டை 52 கிலோ, ஆக 117. சரி. மூன்று மூட்டை 78 கிலோ, ஆக 143. அப்போதே 13 கிலோ அதிகம். நம் மாப்பிள்ளை சொன்ன ஆறு மூட்டை 156 கிலோ. ஆளோடு சேர்த்தால் 221. வண்டியின் சொந்த எடை 90 கிலோவைக்கூடத் தொடாது!

எஞ்சின் இழுக்கிறதே என்பார்கள். இழுக்கத்தான் செய்யும். ஆனால் பிரேக் டிரம்மும் லைனிங்கும் 130 கிலோவை மனத்தில் வைத்துச் செய்தவை. கேரியரை நீட்டிய பட்டறைக்காரர் பிரேக்கைத் தொட்டாரா? தொடவே மாட்டார்.

கேரியரை நீட்டுவதில் இன்னொரு கேடு இருக்கிறது. தராசு பிடிக்கிற நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பின் சக்கரத்தின் அச்சுதான் இங்கே தராசின் முள். அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கிற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். முன் சக்கரம் லேசானால் ஹேண்டில் ஆடும். முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்குமே தவிர வண்டி நிற்காது. திருச்சி – புதுக்கோட்டை ரோட்டில் பின்னால் பஸ் வேகமாக வரும்போது அந்த ஆட்டத்தின் விலை தெரியும். கனமான மூட்டையை முன்னால் கால் வைக்கிற தட்டில் படுக்க வைப்பதே நல்லது. எடை தாழ்ந்து, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விழும். அதிலும் காலை அகட்டி வைத்து ஓட்டும் அளவுக்கு அடுக்கக் கூடாது.

ஸ்விங் ஆர்மிலோ சேஸிஸ் குழாயிலோ வெல்டிங் வைப்பதும் ஆபத்துதான். வெல்டிங் சூட்டில் பற்றுக்குப் பக்கத்தில் இரும்பின் குணம் மாறிவிடும். விரிசல் பற்று வைத்த இடத்தில் வராது, அதற்கு ஒரு விரல் தள்ளித்தான் வரும். பெயின்ட்டுக்கு அடியில் இருப்பதால் ஒடியும் வரை கண்ணில் படாது. ஆகவே போல்ட் போட்டு மாட்டிக் கழற்றுகிற கேரியர் வேறு, சேஸிஸில் பற்று வைத்த கேரியர் வேறு.

சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போடுகிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தக விவரத்துக்கும் கம்பெனி விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கட்டமைப்பில் கை வைத்து அடிப்படைத் தன்மையே மாறினால்தான் அது 'மாற்றம்' என்ற விளக்கமும் அதிலேயே இருக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், கம்பெனியின் மூல விவரத்துக்கு மாறாகச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ல் உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டத்தின் 182-ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

உரிமையாளர் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கடைப் பையன் ஓட்டினாலும் வண்டி நம் பெயரில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நாம். இதில் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. எக்ஸ்.எல். 100-ஐயும் நாம் பழக்கத்தில் 'டி.வி.எஸ். 50' என்றே சொல்கிறோம். அதனால் 16 வயதுப் பையனிடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். 16 வயதில் லைசென்ஸ் எடுத்து ஓட்டலாம் என்ற சலுகை 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. எக்ஸ்.எல். 100-ன் எஞ்சின் 99.7 சி.சி. பத்தாவது முடித்துவிட்டு லீவில் கடைக்கு வந்த தம்பி மகனிடம் சாவியைக் கொடுத்து அவன் பிடிபட்டால், 199-ஏ பிரிவுப்படி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்து. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்தானால், நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பான வழக்குகளும் பல. அந்த ஒரு தொகையில் மண்டியே போய்விடும்.

டீக்கடைப் பையன்கள் விஷயத்துக்கும் வருகிறேன். அவர்களில் பாதிப் பேர் நம் வீட்டுப் பிள்ளைகள்தானே. அவர்கள் செய்வதெல்லாம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். செயின் சக்கரம் மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால் எஞ்சின் பக்கச் சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று. முன்னால் 13 பல் போட்டால் அது 3.23 ஆகும். இழுவை 100-க்கு 7, 8 கூடும். எஞ்சின் அதே வேகத்தில் சுற்றும்போது வண்டி அந்த அளவு மெதுவாகப் போகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். இதைத் தெரிந்து செய்கிறவன் கணக்குத் தெரிந்தவன். நண்பன் போட்டான் என்று தானும் போடுகிறவனைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

சைலன்சர் மாற்றுவது முழுக்க நஷ்டம். 80 முதல் 175 சி.சி. வரையுள்ள பைக்குக்குத் தயாரிப்பு நிலையிலேயே 77 டெசிபல், அதற்கு மேற்பட்டதற்கு 80 டெசிபல் என்று சத்தத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வண்டிகள் வந்தபின், புகைக் குழாயில் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சார் இருக்கிறது. அது சொல்வதை வைத்தே பெட்ரோல் எவ்வளவு என்று வண்டி முடிவு செய்கிறது. குழாயை மாற்றினால் அந்தக் கணக்கே குழம்பும். கார்புரேட்டர் ஜெட்டைத் திருகிச் சரிசெய்த காலம் இந்த வண்டிகளுக்கு இல்லை. வெள்ளை விளக்கைப் பற்றி ஒரே வார்த்தை: எதிரில் சைக்கிளில் வருகிறவருக்குக் கண் தெரிவதில்லை.

பழைய வண்டியைத் தேடிப் பிடித்து, கம்பெனியிலிருந்து வந்தபடியே ஆக்குகிறவர்கள் இதில் ஒரு தனி ஜாதி. 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100, 1955-ல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு கம்பெனியின் பழைய புல்லட் ஆகியவற்றுக்கு ஒரு நட்டுகூட மாறாமல் தேடுவார்கள். எதையும் மாற்றாத வண்டிக்கே அங்கே விலை அதிகம். வியாபாரி என்ற முறையில் இவர்களை எனக்குப் பிடிக்கும்.

உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். பாதுகாப்புக்கு முக்கியமானது என்று அரசு அறிவித்த பாகத்தைத் தரமில்லாமல் விற்றால், அதே 182-ஏ பிரிவில் பாகம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை போகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு.

சரி, சரக்கை எப்படித்தான் கொண்டுபோவது என்று கேட்பீர்கள். 2005-ல் வந்த டாடா ஏஸ், நம் ஊர்ப் பெயரில் குட்டியானை, சுமார் முக்கால் டன் ஏற்றும். 26 கிலோ மூட்டை 28 வரும். ஒரே பாதையில் இருக்கிற ஆறேழு கடைக்காரர்கள் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கிள்ளுக்கோட்டைப் பாதைக்கு ஒரு நாள், குன்றாண்டார்கோவில் பாதைக்கு ஒரு நாள் என்று மண்டிக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டால், டி.வி.எஸ்.ஸில் அவசரத்துக்கு ஒன்றிரண்டு மூட்டை எடுத்தால் போதும். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசுவதற்கு விருப்பமுள்ளவர்கள் தங்கள் பாதையையும் வாரத்துக்கு எடுக்கும் மூட்டைக் கணக்கையும் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.