கணினியில் கட்டும் வீடும் கடைக்கு வரும் பட்டியலும்

வீடு கட்டுகிறவர் ஒருவர் ஹாட்வெயார் கடைக்கு வந்தால், முன்பெல்லாம் அவர் கையில் மேசன் பாஸ் எழுதிக் கொடுத்த துண்டு ஒன்றுதான் இருக்கும். இப்போது மகனோ மருமகனோ லெப்டொப்பில் வரைந்த வர்ணப் படம் வருகிறது. படத்தோடு பட்டியலும் வருகிறது: டைல்ஸ் இத்தனை பெட்டி, கல் இத்தனை, கதவு இத்தனை. புளத்கொகுபிட்டியவில் உள்ள எமது கடைக்கே இப்படி வருகிறார்கள் என்றால் கேகாலையிலும் மாவனல்லையிலும் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இது புதினமாக இராது.

பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்வது நல்ல விடயமே. ஆனால் படத்தில் உள்ள பிழை கடைசியில் வந்து விழுவது நமது கல்லாப் பெட்டியில்தான். பெட்டி குறைந்தால் "நீங்கள் பிழையாகத் தந்தீர்கள்" என்பார்கள். கூடினால் உடைத்த பெட்டியைத் திருப்பிக் கொண்டு வருவார்கள். ஆகவே இந்த மென்பொருள்கள் எங்கே வழுக்குகின்றன என்பதை வியாபாரியும் அறிந்திருப்பது அவசியம்.

எமது பக்கத்தில் அதிகம் காணப்படுபவை இரண்டு. ஒன்று, ஸ்வீட் ஹோம் த்ரீடி. இலவசமானது, சாதாரண கணினியிலும் ஓடும். மற்றது ஸ்கெட்ச்அப். 2000ஆம் ஆண்டு வெளிவந்த இதை 2006இல் கூகுள் வாங்கியது; 2012இல் ட்ரிம்பிள் கம்பனியின் கைக்குப் போனது. கணினியில் இறக்கிப் பாவிக்கும் இலவசப் பதிப்பு 2017ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றுவிட்டது. இப்போது இலவசமாக வேண்டுமானால் இன்டர்நெட் ஊடாகவே வரையலாம்.

பிழைகளில் தலையானது அளவுத்திட்டம். பழைய பிளானைப் போட்டோ பிடித்து, அதைப் பின்னணியாக வைத்து அதன் மேல் சுவர் வரைகிறார்கள். அப்போது மென்பொருள் ஒரு கோட்டைக் காட்டி, இதன் உண்மையான நீளம் என்ன என்று கேட்கும். அவசரத்தில் ஒரு கதவின் அகலத்தைக் கொடுத்துவிடுவார்கள். மூன்று அடிக் கோட்டில் மயிரளவு பிழைத்தாலும் முப்பது அடியில் அது பத்து மடங்காகும். நீளம் 100க்கு 2 பிழைத்தால் பரப்பு 100க்கு 4 பிழைக்கும். பிளானில் உள்ள மிக நீளமான அளவையே கொடுக்க வேண்டும். கொடுத்த பின், அதற்குக் குறுக்காக ஓடும் இன்னோர் அளவை எடுத்துப் பார்க்க வேண்டும். அது ஒத்துவராவிட்டால் போட்டோ சரிவாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்கேன் பண்ணிய பிரதியை வைத்துத் திரும்பத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது அடியும் சென்றிமீற்றரும். இதிலே நம்மவர்களும் வாடிக்கையாளரைக் குழப்புகிறோம் என்பதே எனது அபிப்பிராயம். "இரண்டுக்கு இரண்டு டைல்" என்று விற்கிறோமே, அது 60 சென்றிமீற்றர். இரண்டு அடி என்பது 60.96. பிள்ளை கணினியில் இரண்டு அடி என்றே போடுகிறது. 20க்கு 20 அடி ஹோல் என்றால் சரியாக 100 டைல், நான்கு டைல் கொண்ட பெட்டியில் 25 பெட்டி என்று கணக்கு வரும். உண்மையில் 10 டைல் வைத்தால் 6 மீற்றர்தான் மூடும். 20 அடி என்பது 609.6 சென்றிமீற்றர். இடைவெளிக்குப் பூசும் கிரவுட்டைக் கழித்தாலும் இரண்டு பக்கமும் ஒரு கீற்று வெறுமையாக நிற்கும். பரப்பை வைத்துப் பார்த்தாலே 103க்கு மேல். ஆக, உடைவுக்கு ஒன்றும் சேர்க்காமலே 26 பெட்டி வேண்டும். இரண்டு வாரம் கழித்து அந்த ஒரு பெட்டிக்கு வரும்போது அதே பெச் நம்மிடம் இருக்காது. நிறம் ஒரு சாயல் மாறிய டைலை ஹோலின் நடுவில் பதித்துவிட்டு ஆயுள் முழுக்க நம்மைத்தான் ஏசுவார்கள். மென்பொருளின் விருப்பத்தெரிவுப் பகுதியில் அலகைச் சென்றிமீற்றருக்கு மாற்றி, டைலை 60 என்றே போட்டால் இந்த வம்பு தீரும்.

சுவரின் தடிப்பு இன்னொரு பொறி. ஸ்வீட் ஹோமில் சுவருக்கு முதலில் இருக்கும் தடிப்பு 7.5 சென்றிமீற்றர், அதாவது சுமார் மூன்று அங்குலம். நமது வெளிச்சுவரோ ஒன்பது அங்குலம். முழு வீட்டையும் வரைந்து முடித்த பின் தடிப்பை மாற்றினால், சுவர் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் பருக்கும். பத்து அடி அறை ஒன்பதரை அடியாகிவிடும். அலுமாரி வைத்த இடத்தில் கதவு முட்டும். வரையத் தொடங்குமுன்பே புதிய சுவரின் தடிப்பை மாற்றிவைப்பதுதான் இலகு.

இதோடு சேர்ந்த ஒரு சண்டையையும் சொல்ல வேண்டும். அறையின் பரப்பு என்று மென்பொருள் காட்டுவது சுவரின் உள்ளே உள்ள தரை மட்டும். சதுர அடிக்கு விலை பேசும் பாஸ்மார் பொதுவாக வெளியளவையே எடுப்பார்கள். வெளியே 30க்கு 20 என்றால் 600 சதுர அடி. ஒன்பது அங்குலச் சுவரைக் கழித்தால் உள்ளே 527தான். அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் இன்னும் கழியும். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் மகன் 527ஐப் பிடித்துக்கொண்டு, பாஸ் 73 சதுர அடி களவெடுத்துவிட்டார் என்று டெலிபோனில் சத்தம் போட்டதை நான் கேட்டிருக்கிறேன். ஒப்பந்தத்தில் வெளியளவா உள்ளளவா என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும்.

சில பிழைகள் பார்வைக்கே தெரியும். அறைக்குள் இரண்டு முறை சொடுக்கினால் தரை விழவேண்டும். விழவில்லை என்றால் எங்கோ ஒரு மூலையில் சுவர்கள் ஒட்டவில்லை. படத்தைப் பெரிதாக்கி, நுனியை இழுத்து ஒட்டவைக்க வேண்டும். இன்டர்நெட்டிலிருந்து எடுத்த கதவு சுவரைத் துளைக்காமல் நின்றால், அதை உள்ளே எடுக்கும்போது "கதவு அல்லது யன்னல்" என்ற கட்டத்தைத் தெரிவுசெய்யவில்லை என்று அர்த்தம். தரை மினுங்கி மினுங்கித் தெரிந்தால் ஒரே உயரத்தில் இரண்டு தரைகள் கிடக்கின்றன, ஒன்றை அழித்துவிடலாம்.

ஸ்கெட்ச்அப்பில் வேறு தொல்லை. நான்கு கோடும் போட்டாயிற்று, ஆனால் சுவர் நிறையவில்லை என்பார்கள். கோடுகள் ஒரே தளத்தில் இல்லை. சிவப்பு, பச்சை, நீல அச்சின் நிறம் வரும் வரை பார்த்துக் கோடிழுக்க வேண்டும். ஒரு சுவரை நகர்த்தினால் கூரையும் சேர்ந்து இழுபட்டால், ஒவ்வொரு பகுதியையும் குறூப் ஆக்காமல் வரைந்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பின்னும் எமது மலைப்பக்கத்துக்கு மிஞ்சும் பெரிய பிழை நிலம்தான். ஸ்வீட் ஹோமில் பூமி மேசைபோல் சமமானது. கேகாலை மாவட்டத்தில் அப்படி ஒரு காணி வாய்த்தவர் அதிர்ஷ்டசாலி. ஐந்து அடிக்கு ஓர் அடி சரியும் காணியில் 30 அடி ஆழத்துக்கு வீடு வைத்தால் பின்பக்கம் 6 அடி பள்ளம். 20 அடி அகலத்துக்கு அதை நிரப்ப 1800 கன அடி, அதாவது 18 கியூப் வேண்டும். அதைத் தாங்கும் கருங்கல் சுவர் வேறு. படத்தில் இதில் ஒரு கூடைகூட இல்லை. அத்திவாரத்தோடு கடன் காசு முடிந்து, கம்பி துருப்பிடித்து நிற்கும் வீடுகள் நமது வீதியோரங்களில் எத்தனை!

வழி உண்டு. பாஸ்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாயால் நான்கு மூலைகளின் மட்டத்தையும் எடுத்து, பிளானிலேயே எழுதிவைக்க வேண்டும். பின்னர் வீட்டை இரண்டு தளமாக வரையலாம்: பின்பாதி 0 உயரத்தில், முன்பாதி 3 அடியில், இடையே ஆறு படி. நிரப்பும் மண் 18 கியூப்பிலிருந்து 9 ஆகக் குறையும். ஸ்கெட்ச்அப்பின் கட்டணப் பதிப்பில் சரிவு நிலத்தையே உருவாக்கும் வசதியும் இருக்கிறது.

ஆனால் நிலம் தாங்குமா என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலையும் எமது பிரதேசத்தில் களுபஹனவும் சரிந்ததை நாம் மறக்கவில்லை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை தேவை. அதை வரைபடத்துக்கு முன்பே எடுப்பது நல்லது. வீட்டை எங்கே வைப்பது, மண்ணை எவ்வளவு வெட்டலாம், தண்ணீரை எப்படி வடியவிடுவது என்பதை அதைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். பிறகு வந்தால் வரைந்த படம் முழுவதும் வீண்.

படத்தோடு எமது கடைக்கு வருபவரிடம் இப்போது டைல்ஸ் காட்டுவதற்கு முன் ஒன்று கேட்கிறோம்: பின்மூலையில் நிலம் எத்தனை அடி கீழே? அளந்து வந்து சொல்லும் வரை கருங்கல்லுக்கு ஓடர் எடுப்பதில்லை.