கை நடுங்கினால் நல்லது

நம் உடம்பில் ஓடும் 5 லிட்டர் ரத்தத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டிக்கு மேல் வராது. மூளைக்கோ ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் வேண்டும். அதாவது, ரத்தத்தில் இருப்பது முழுவதையும் மூளைக்கே கொடுத்தாலும் ஒரு மணி நேரம்தான் தாங்கும். கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து ஓயாமல் எடுத்து ஊற்றுவதால்தான் ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் தூங்கி, காலையில் நிதானமாக எழுந்திருக்கிறோம்.

ரத்தச் சர்க்கரை 80-க்கு (மி.கி./டெ.லி.) இறங்கினாலே, சர்க்கரை நோய் இல்லாதவரின் கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். 70-ஐ நெருங்கினால் குளுக்ககான், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் கிளம்பி, கல்லீரலை விரட்டி வேலை வாங்கும். ஆனால் ஊசியில் ஏற்றிய இன்சுலினுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளும் அப்படித்தான். சாப்பாடு தள்ளிப்போனாலும், விரதம் இருந்தாலும், வெறும் வயிற்றில் மது குடித்தாலும் அவை தம் வேலையை நிறுத்துவதில்லை.

அப்படிச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும்போது வரும் நடுக்கம், படபடப்பு, குப்பென்ற வியர்வை, அகோரப் பசி எல்லாமே எச்சரிக்கைகள். அவற்றைக் கவனிக்காமல் விட்டால் மூளையே பட்டினி கிடக்கும். பேச்சு குழறும், சாதுவான மனிதர் காரணமில்லாமல் எரிந்து விழுவார். தெருவில் தள்ளாடுகிறவரைக் குடிகாரர் என்று ஒதுங்கிப் போவோரும் உண்டு.

விநோதம் என்னவென்றால், சர்க்கரை அடிக்கடி இறங்கினால் இந்த எச்சரிக்கையே மழுங்கிவிடும். நேற்று ஒருமுறை இறங்கியிருந்தாலே இன்றைய நடுக்கம் குறைந்துவிடக்கூடும். 50-க்கு வந்தும் ஒன்றும் தெரியாமல் வண்டி ஓட்டுகிறவர் இருக்கிறார். ‘எனக்கு லோ சுகரே வர்றதில்லை’ என்று அவர் பெருமைப்பட்டால் நான் பயப்படுவேன். ஆனால் போன உணர்வு திரும்பும். சில வாரங்கள் சர்க்கரை இறங்கவே விடாமல் பார்த்துக்கொண்டால் எச்சரிக்கை மீண்டும் வேலை செய்வதை 1990-களில் நடந்த ஆய்வுகள் காட்டின. அதற்காக மருந்தளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இட்லியோ சாதமோ சாப்பிடலாம். இல்லையென்றால், மாத்திரையின் வீரியம் மிச்சமிருந்தால் மறுபடி இறங்கும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு குளுக்கோஸ் சேர்வதைத் தாமதப்படுத்தும். பயத்தில் கண்டதையும் அள்ளித் தின்றால் சர்க்கரை 300-க்குப் போய் நிற்கும்.

நம் ஊர்ச் சர்க்கரைக்காரர்கள் பலருக்குச் சொல்லப்படாத விஷயம் ஒன்று உண்டு. சீனி என்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஒட்டிய ஜோடி. குடலிலுள்ள ஒரு நொதி வெட்டினால்தான் அது ரத்தத்தில் சேரும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் அந்த நொதியைத்தான் தடுக்கின்றன. அவற்றைச் சாப்பிடுகிறவருக்கு அவசரத்தில் சீனித் தண்ணீர் சட்டென்று கைகொடுக்காது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். கிளிமெபிரைடுடன் வோக்லிபோஸ் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் இங்கே சாதாரணமாகப் புழங்குவதால், வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை இன்றே படித்துப் பாருங்கள்.

மயங்கியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.