கூலிக்கும் ஒரு கெடு உண்டு



மேலூரில் எனக்குப் பழக்கமான மேஸ்திரி ஒருவர் உண்டு. வீடு கட்டும் காண்டிராக்டர் ஒருவரிடம் பூச்சு வேலையை மட்டும் உள்குத்தகையாக எடுத்து, செவ்வனே முடித்துக் கொடுத்தார். பாக்கியைக் கேட்கும்போதெல்லாம், "அடுத்த மாசம் பார்ப்போம், அண்ணே" என்பதே விடை. அதனை நம்பி மூன்று ஆண்டும் நான்கு மாதமும் காத்திருந்தார். பின்னர் வழக்கறிஞரை நாடினார். காலம் கடந்துவிட்டது என்றார் அவர். வேலையும் மெய், பாக்கியும் மெய், கெடு மட்டும் போயிற்று.

"அவர் பூசிய சுவர் கண்ணெதிரே நிற்கிறதே! அதன்மேல் அவருக்கு உரிமை இல்லையா?" என்று நீங்கள் வினவலாம். அமெரிக்காவில் உண்டு. வாஷிங்டன் நகரம் எழும்பிய காலத்தில், 1791-இல், மேரிலாந்து மாநிலம் அதற்கென ஒரு சட்டம் இயற்றியது. கூலி பெறாத தொழிலாளி கட்டடத்தின் மீதே பற்றுரிமை கோரலாம். ஆயினும் மாநிலந்தோறும் விதித்த கெடுவுக்குள் அதனைப் பதிவு செய்தாக வேண்டும்.

நம் நாட்டில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. கூலி வரும்வரை துணியைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளத் தையற்காரருக்கு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு இடந்தருகிறது. அது கையிலுள்ள பொருளுக்கே பொருந்தும். சுவரைச் சுருட்டி வைத்துக்கொள்ள இயலுமா? ஆகவே, தம்மை அமர்த்திய காண்டிராக்டர் மீது வழக்குத் தொடுப்பதே மேஸ்திரிக்குரிய வழி.

அவ்வழக்குக்கும் எல்லை உண்டு. பணம் தரும் நாள் குறிக்கப்படாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் என்கிறது 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம். அது கடந்தபின் வந்த வழக்கை, எதிராளி வாய் திறவாவிடினும், நீதிமன்றம் தள்ளியே தீர வேண்டும்.

கெடுவைப் புதுப்பிக்க வழி இல்லையா? உண்டு. கெடு முடியுமுன் "இவ்வளவு பாக்கி" என எழுதிக் கையொப்பமிட்டால், அன்று முதல் புதிதாக 3 ஆண்டுகள் தொடங்கும். பாக்கியில் ஒரு பகுதியைக் கெடுவுக்குள் செலுத்தினாலும் அவ்வாறே. ஆனால் அதற்குச் செலுத்தியவரின் எழுத்தோ கையொப்பமோ சான்றாக வேண்டும். வாய்ச்சொல் எத்தனை இனியதாயினும் ஒரு நாளையும் கூட்டித் தராது.

கெடு கடந்த கடனையும் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டால், அவ்வாக்குறுதி செல்லும். நம் மேஸ்திரி அதனையும் கேட்டுப் பார்த்தார், காண்டிராக்டர் இசையவில்லை. இப்போது அவர் மட்டப்பலகையோடு ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்கிறார். வேலை முடிந்த நாளையும் பாக்கியையும் எழுதி, கையொப்பம் பெற்ற பின்னரே சாரத்தைப் பிரிக்கிறார்.

உங்கள் வீட்டிலும் தெருவிலும் இத்தகைய உழைப்பாளர் இருப்பர். எழுதப் படிக்கத் தெரிந்த நீங்கள் அக்குறிப்பேட்டின் முதல் பக்கத்தை எழுதிக் கொடுக்கலாம் அன்றோ?