நீச்சற் குளம் பச்சையாவது ஏன்?

வெயில் நாட்டில் வாழும் நமக்கு நீராடல் புதிதன்று. ஆனால் வீட்டு முற்றத்தில் கட்டப்பெறும் நீச்சற் குளம், நாம் அறிந்த ஆறு குளங்களினின்றும் வேறுபட்டது. ஆற்றில் ஓட்டம் உண்டு, அழுக்கு கழிந்துபோகும். நீச்சற் குளத்திலோ அதே நீர்தான் மாதக்கணக்கில் சுற்றி வருகின்றது. அந்நீரைக் காப்பவை இரண்டு: ஒன்று வடிகட்டி, மற்றொன்று குளோரின். இதனை நான் ஆராயப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், பட்டணத்துப் பங்களாக்களில் நீச்சற் குளங்களைப் பராமரித்துப் பிழைக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடிய முகத்துடன் என் வீட்டிற்கு வந்தார். "ஐயா, வேளை தவறாமல் குளோரின் வில்லை போடுகிறேன். அளந்து பார்த்தால் குளோரினும் இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது. வில்லைகளை நான் திருடி விற்பதாக வீட்டுக்காரர் சொல்கிறார்" என்றார். வேலை போனால் வேறு தேடலாம். திருடன் என்ற பெயர் வந்தால் எங்கே போவது?

நீர் பச்சையாவது பாசியினால் என்பது யாவரும் அறிந்ததே. வெதுவெதுப்பான நீரும் நல்ல வெயிலும் பாசிக்கு விருந்து. குளோரின் அதனைக் கொல்லும். ஆயினும், அதே வெயில் குளோரினையும் அழித்துவிடுகிறது. காப்பின்றி விடப்பட்ட குளோரினில் பெரும்பகுதி, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரத்திற்குள் போய்விடும். இதைத் தடுக்கவே சயனூரிக் அமிலம் என்னும் பொருளை நீரில் சேர்க்கின்றனர். அது குளோரினுக்குக் குடை போன்றது. பத்து இலட்சம் பங்கு நீருக்கு 30 முதல் 50 பங்குவரை அது இருந்தால் போதும்.

குடை நல்லதுதான். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அதுவே குளோரினின் கையைக் கட்டிப்போடும். குளோரின் நீரில் இருக்கும், வேலை செய்யாது. கடையில் விற்கும் வில்லைகளிற் பெரும்பாலானவற்றில் இவ்வமிலம் கலந்தே இருக்கிறது. இதைக் கரும்பலகைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இவ்வகை வில்லையால் நீரில் 10 பங்கு குளோரின் சேர்ந்தால், கூடவே 6 பங்கு சயனூரிக் அமிலமும் சேரும். நாளொன்றுக்கு 2 பங்கு குளோரின் செலவாகிறது எனக் கொள்வோம். 30 நாளில் 60 பங்கு. அதனுடன் சேரும் அமிலம் 36 பங்கு. குளோரின் செலவழிந்துவிடும், அமிலமோ வெயிலில் ஆவியாகாது, நீரிலேயே தங்கும். மழையாலும் சிதறலாலும் குறைவது போக, மூன்று நான்கு மாதங்களில் 100ஐ எட்டிவிடும்.

என் மாணவர் குளோரினை அளந்தார், இதனை அளக்கவில்லை. அளக்கவேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லித்தரவுமில்லை. கடையொன்றில் அந்நீரைச் சோதித்தபோது, 100க்கு வெகு மேலே இருந்தது. அவர் போட்ட வில்லைகள் அத்தனையும் குளத்திலேதான் இருந்தன என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

இதற்குப் பரிகாரம், நீரில் ஒரு பகுதியை இறைத்துவிட்டுப் புதுநீர் விடுவதே. பாதி நீரை மாற்றினால் அமிலமும் பாதியாகும். ஆனால் மழைக்காலத்தில் குளத்தை முற்றும் வற்றவிடலாகாது. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது, வெறுங்குளத்தை அது கீழிருந்து மேலே தள்ளி விரிசல் காணச் செய்யும். நீரை மாற்றிய பின் பொழுது சாய்ந்ததும் திரவக் குளோரின் ஊற்றி, சுவர்களைத் தேய்த்து, நீர் தெளியுமட்டும் வடிகட்டியை ஓடவிட வேண்டும். திரவக் குளோரினில் சயனூரிக் அமிலம் இல்லை. ஆனால் வெப்பத்தில் அது வீரியம் குன்றும்; ஆதலால் நிழலில் வைத்துச் சீக்கிரம் பயன்படுத்துக.

நிற்க. கவனிக்கவேண்டியவை இன்னும் இரண்டு உள. ஒன்று, நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எண். இது 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருத்தல் வேண்டும். சயனூரிக் அமிலம் கலவாத நீரில், 7.2 அளவில் குளோரினின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீரியத்துடன் இருக்கும்; 8 ஆனாலோ நாலில் ஒரு பங்கே தேறும். பெருமழை பெய்தால் இக்கணக்குகள் யாவும் மாறும். எனவே மழை விட்டதும் அளந்து பார்ப்பது நலம். மற்றொன்று மணல் வடிகட்டி. அதன் அழுத்தமானி, சுத்தமாயிருந்த நாளில் காட்டியதைவிடச் சதுர அங்குலத்துக்கு 8 முதல் 10 இராத்தல் கூடுதலாகக் காட்டினால், நீரை எதிராக ஓட்டிக் கழுவ வேண்டும். இதனையே தொழிலாளர் ‘பேக்வாஷ்’ என்பர்.

எல்லாவற்றினும் முக்கியமானது உயிர்க்காப்பு. அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கலாகாது, நச்சுவாயு எழும். ஒருவகைக் குளோரின் இருந்த வாளியில் மற்றொரு வகையைக் கொட்டினால் தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். மருந்தைத்தான் நீரில் சேர்க்கவேண்டும். மருந்தின்மேல் நீரை ஊற்றலாகாது. ரப்பர்ப் பாலை உறையவைக்க அமிலத்தை அளந்து நீரில் கலந்த நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இப்பாடம் புதிதன்று. குளத்தின் அடித்தளம் தெளிவாய்த் தெரியாத நாளில் எவரையும் நீரில் இறங்க விடாதீர்கள். கலங்கிய நீரில் மூழ்கும் குழந்தை கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

நீர் பத்து நாளில் தெளிந்தது. மாணவர் இப்போது ஒவ்வொரு குளத்திற்கும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். தேதி, குளோரின், பி.எச்., சயனூரிக் அமிலம், மழை என ஐந்து கட்டங்கள். பச்சை நீரைக் கண்டதும் பணியாளரைச் சந்தேகிக்கும் வீட்டுக்காரர்களும், தம்மைத் தாமே நொந்துகொள்ளும் பணியாளர்களும் முதலில் செய்யத்தக்கது ஒன்றே: அளந்து பார்த்தல். அதற்குப் பிறகு பேசலாம்.