வலி மாத்திரைக்கும் கணக்கு வேண்டும்

நாள் முழுவதும் சேற்றில் குனிந்து நாற்று நட்டவருக்கு இரவில் இடுப்பு வலியும், குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு எட்டு மணி நேரம் அமர்ந்தவருக்கு முதுகு வலியும் புதியனவல்ல. திருவையாற்றுப் பக்கம் நடவாளாயினும், திருபுவனத்து நெசவாளராயினும் மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும். ஆதலால் மருந்துக்கடையில், "உடம்பு வலிக்கு இரண்டு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கடைக்காரரும் அட்டையிலிருந்து இரண்டை வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பொட்டலத்தில் இருப்பது எது, எத்தனை மருந்து என்பதை நாம் கேட்பதில்லை. அங்கத்தினர்கள் இதைக் கேட்டறிய வேண்டிய அவசியத்தையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஒரு மாத்திரை, பல மருந்துகள்

இன்று வலிக்கு எழுதித் தரப்படும் மாத்திரைகளில் பல கூட்டு மாத்திரைகளாகும். பெரிதும் வழங்குவது அசெக்லோஃபெனாக் 100 மில்லிகிராமும் பாரசிட்டமால் 325 மில்லிகிராமும் சேர்ந்தது. தசைப்பிடிப்பைத் தளர்த்தும் குளோர்சாக்சசோன் என்னும் மூன்றாவது மருந்தைச் சேர்த்ததும் உண்டு. கடும் வலிக்கு டிரமடால் 37.5 மில்லிகிராமும் பாரசிட்டமால் 325 மில்லிகிராமும் கலந்த மாத்திரையை டாக்டர்கள் கொடுப்பார்கள்.

வெவ்வேறு வழியில் வேலை செய்யும் இரண்டு மருந்துகள் சேரும்போது குறைந்த அளவிலேயே வலி தணியும் என்பது இக்கூட்டின் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் அட்டையின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளிருக்கும் மருந்துகளின் பெயர்களை நாம் படிப்பதில்லை. ஆபத்து அங்கிருந்து தொடங்குகிறது.

ஒரே நிலத்தின் பேரில் இரண்டு கடன்

ஓர் அங்கத்தினர் இடுப்பு வலிக்காக டாக்டர் சொன்னபடி அசெக்லோஃபெனாக்–பாரசிட்டமால் மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வருகிறது. கடையில் 650 மில்லிகிராம் காய்ச்சல் மாத்திரை வாங்கி மூன்று வேளையும் விழுங்குகிறார். பல்வலியும் சேர்ந்துகொள்ள, வீட்டில் மிச்சமிருந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையையும் போட்டுக்கொள்கிறார். மூன்று நோய்க்கு மூன்று மருந்து என்பது அவர் எண்ணம்.

கணக்கைப் பார்ப்போம். காய்ச்சல் மாத்திரை என்பது பாரசிட்டமால்தான். மூன்று வேளைக்கு 1,950 மில்லிகிராம். கூட்டு மாத்திரையிலிருந்து 650. ஆக 2,600 மில்லிகிராம். நல்ல உடல்நிலையுள்ள பெரியவருக்கு நாளொன்றின் உச்ச வரம்பு 4,000 மில்லிகிராம். மெலிந்தவர், மதுப்பழக்கம் உள்ளவர், ஈரல் நோயாளி ஆகியோருக்கு டாக்டர்கள் பெரும்பாலும் அதைப் பாதியாகக் குறைப்பார்கள். அவர்களுக்கு இந்த 2,600 வரம்பு மீறியதாகும்.

அசெக்லோஃபெனாக்கின் வரம்பு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம். இரண்டு கூட்டு மாத்திரைகளிலேயே அது நிரம்பிவிட்டது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகியவை அதே வகையைச் சேர்ந்தவை. ஒன்றின் மேல் ஒன்று சேர்த்தால் வலி இரட்டிப்பாகக் குறையாது, தீங்குதான் பெருகும். ஒரே நிலத்தை ஈடு காட்டி இரண்டு சங்கங்களில் கடன் வாங்கினால் முடிவில் நிலமே போவது போன்றது இது.

தீங்கு நேரும் விதம்

பாரசிட்டமாலைச் சிதைப்பது ஈரல். அப்போது சிறிதளவு நஞ்சு உண்டாகும். அதை முறிக்கும் பொருளையும் ஈரல் கையிருப்பாக வைத்திருக்கிறது. அளவு மீறினால் கையிருப்பு தீர்ந்து ஈரல் கெடுகிறது. முதல் நாளில் குமட்டல் தவிர வேறு அறிகுறி தோன்றாமலே போகலாம். "ஒன்றும் செய்யவில்லையே" என்று வீட்டில் இருந்துவிடுவது பெருந்தவறு. அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அதன் பலன் மிக அதிகம்.

அசெக்லோஃபெனாக் வகை மருந்துகள், வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஒரு பொருள் உடலில் சுரப்பதைக் குறைக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமலும் பார்த்துக்கொள்கிறது. எனவே இம்மருந்தால் வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் ஏற்படக்கூடும். சாப்பாட்டுக்குப் பின் உட்கொண்டால் எரிச்சல் குறையலாம். புண் வராது என்ற உறுதி இல்லை. சித்திரை வெயிலில் வியர்வை கொட்ட உழைத்து, போதிய தண்ணீர் குடிக்காமல் இம்மாத்திரையைப் போடுபவரின் சிறுநீரகம் இருபுறமும் நெருக்கப்படுகிறது. இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுவோருக்கு இது இன்னும் கடுமை.

அரசாங்கம் எடுத்த நடவடிக்கைகள்

காரணமின்றிச் சேர்க்கப்பட்ட கூட்டு மருந்துகள் நாட்டில் பெருகியதைக் கண்ட மத்திய அரசாங்கம், 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மறு ஆய்வு நடந்து, 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்குத் தடை வந்தது. 2024 ஆகஸ்டில் மேலும் 156 தடை செய்யப்பட்டன. அவற்றில் அசெக்லோஃபெனாக் 50 மில்லிகிராம், பாரசிட்டமால் 125 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரையும் ஒன்று. பெரியவர்களுக்கான 100–325 அளவு மாத்திரை அதனின்று வேறானது.

டிரமடால் அபினி இனத்தின் வலிநீக்கி. பழக்கத்துக்கு அடிமையாக்க வல்லது. அதனால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதை விற்கும் கடை, டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் சீட்டுக் கேட்டால் கோபித்துக்கொள்ளலாகாது.

அங்கத்தினர்கள் கைக்கொள்ள வேண்டியவை

1. மாத்திரையை அட்டையோடு வாங்குக. வெட்டித் தந்தால், மருந்தின் பெயரையும் அளவையும் காலாவதித் தேதியையும் சீட்டில் எழுதி வாங்குக.

2. சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, டாக்டரிடமும் மருந்தாளுநரிடமும் காட்டுக. ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

3. டாக்டர் குறித்த நாட்களுக்கு மேல் தொடர வேண்டாம். சென்ற ஆண்டுச் சீட்டைக் காட்டி மறுபடி வாங்குவதும், பக்கத்து வீட்டாருக்கு நம் மாத்திரையைக் கொடுப்பதும் கூடாது.

4. வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகம், ஈரல், இருதயம் இவற்றில் நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

5. இம்மாத்திரைகளோடு மது கூடவே கூடாது. டிரமடால், குளோர்சாக்சசோன் கலந்தவை தூக்கம் தரும். அவற்றைச் சாப்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளும் டிராக்டரும் ஓட்டலாகாது.

6. தார் போன்ற கறுத்த மலம், இரத்த வாந்தி, சிறுநீர் குறைதல், முகமும் காலும் வீங்குதல், கண் மஞ்சளாதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்க. அளவு மீறி விழுங்கிவிட்டால் 108-ஐ அழைத்து, அட்டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

2025 பிப்ரவரி 24-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 1,000 முதல்வர் மருந்தகங்களில் பலவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே ஏற்று நடத்தத் தொடங்கின. மருந்தை அதன் சொந்தப் பெயரால் குறைந்த விலையில் தருவது அவற்றின் நோக்கம். சொந்தப் பெயரைக் கேட்டுப் பழகுவது பணத்துக்கும் லாபம், உடலுக்கும் பாதுகாப்பு.

நூல் எத்தனை கழி, நெல் எத்தனை மூட்டை, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பைசா பிசகாமல் கணக்கு வைக்கக் கற்றவர்கள் நம் அங்கத்தினர்கள். உடம்பும் ஒரு முதலே. அதற்குள் போகும் மாத்திரைக்கும் ஒரு வரி எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம்.